பந்தலுக்குக் கொடுத்த மின்சாரம்

"தெரு முழுக்கச் சொன்னது போறாதா? எழுத வேற செய்யணுமா?" என்கிறாள் மனைவி. எழுதத்தான் செய்வேன்.

நாய்களுக்கான வெறிநோய்த் தடுப்பூசி மருந்து எப்போதும் குளிரில் இருக்க வேண்டும். சூட்டில் கிடந்தால் அதன் வீரியத்தை நம்ப முடியாது. மறுபடி குளிரவைத்தாலும் திரும்பாது. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. மருந்தியல் படித்து, வங்காளத்தின் பெஹாலாவில் கால்நடை மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தே மீறினேன்.

தெருவின் நவராத்திரி பூஜைப் பந்தல் என் கடையை ஒட்டித்தான் எழும்பும். சென்ற ஆண்டு சப்தமி மாலை பந்தலின் லைன் பழுதாகி விளக்குகள் அணைந்துபோயின. பந்தல் போடும் கிளப்பின் செயலாளர் ஓடிவந்து, சித்தப்பா முறை வைத்து, "காக்கு, ஒரு லைன் குடுங்க, மானம் போகுது" என்றார். மருந்து ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே அவர்கள் ஒயரை மாட்டினேன். விளக்குகள் எரிந்ததும் கூட்டம் கைதட்டியது. இத்தனை காலம் மதராஸியாகவே இருந்தவனுக்கு அது இனித்தது. தசமி முடியும்வரை பிடுங்கியது பிடுங்கியபடியே கிடந்தது. பிறகு சத்தமில்லாமல் ஃப்ரிட்ஜை ஓடவிட்டேன்.

சில நாட்களில் தெருநாய்களுக்குக் கிளப் நடத்திய ஊசி முகாமுக்கு அந்த மருந்தையே கொடுத்தேன். ஊசி போட வந்த டாக்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. திருப்தியாகத் தலையசைத்தார். நான் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

முதல் நாய்க்கு ஊசி போட்டு, அடையாளமாகக் கழுத்தில் சிவப்பு நாடா கட்டினார்கள். தினமும் அதற்கும் மற்ற நாய்களுக்கும் சோறு வைக்கும் அம்மாள், தெருவுக்கே பௌதி, அதாவது அண்ணி, அதன் வாய்க்குள் கையை விட்டுச் சிரித்தார். "இனிமே நீ கடிச்சாலும் பயமில்லடா!"

"நிறுத்துங்க. மருந்து கெட்டது. கெடுத்தவன் நான்தான்" என்றேன். பந்தலுக்கு லைன் கொடுத்ததையும் சொன்னேன்.

செயலாளர் என்னை ஓரமாக இழுத்தார். "கவுன்சிலர் வர்ற நேரம், காக்கு! ஊசின்னா ஊசிதான். யார் ருசி பாக்கப் போறாங்க?"

"கடிபட்டவங்க பாப்பாங்க."

"உங்க லைசென்ஸ் போயிடும்."

"போகட்டும்."

"போட்டோவுக்காவது அந்த நாடா இருக்கட்டுமே!"

நானே குனிந்து அவிழ்த்தேன்.

பௌதி என் எதிரில் வந்து நின்றார். "நாலு பேர் கைதட்டுறதுக்காக என் பிள்ளைகளை விட்டுக்கொடுத்தீங்களா?"

அவர் முன் தலை குனிந்தே நின்றேன்.

மற்றவர்கள் முன் குனிவதாக இல்லை. மருந்துக் குப்பிகளை முகாம் மேஜைமேல் அடுக்கி, ஓர் அட்டையில் 'கெட்டுப்போனது, போடாதீர்கள்' என்று வங்காள மொழியில் பெரிதாக எழுதிச் சாய்த்து வைத்தேன். கவுன்சிலரின் கார் வந்து நின்றபோது, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். செயலாளர் கண்ணால் கெஞ்சினார். நான் எழுந்திருக்கவில்லை.