குடத்தோடு வந்த கலெக்டரம்மா

மருதாணிக் கோனில் நீலகிரித் தைலம் கலக்கும்போது ஒரு வாசனை வரும்... மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வரவைக்கும் வாசனை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பருத்திப்பட்டில் எங்கள் ஒற்றை அறை வீடு முழுக்க அதுதான்.

என் பொண்ணு ஜெனி கோன் சுற்றுவாள். கையில் போட்டுவிட்டதை வீடியோ எடுத்து, மேலே பாட்டு சேர்த்து, இன்ஸ்டாவில் போடுவாள். அதைப் பார்த்துத்தான் மாங்காட்டிலிருந்து கல்யாணப்பொண்ணு தேடி வந்தது. இருபத்திரண்டு வயசில் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது.

அதே இன்ஸ்டாவில் எவனோ ஒருத்தன், "கை அழகு, மூஞ்சி காக்கா" என்று எழுதிவிட்டான். ரெண்டு நாள் சாப்பிடவில்லை என் பிள்ளை. அதற்கப்புறம் முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும் ஃபில்டர் போடாமல் தன் முகத்தை எடுத்ததே இல்லை.

ஒரே ஒரு தடவை தவிர...

அன்றைக்குத் தண்ணி லாரி வந்திருந்தது. நான் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று ரெண்டு குடத்தோடு ஓடி வருகிறேன். ஜெனி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள்.

"எங்க ஊட்டு கலெக்டரம்மா வந்துகினு கீறாங்க, அல்லாரும் வழி வுடுங்க!"

"ஏய், போனை உள்ள வையிடி! கொடத்தப் புடி!"

அதை அப்படியே போட்டுவிட்டாள். பாட்டு கூட சேர்க்கவில்லை.

மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டு சுமதி, "இன்னா கலெக்டரம்மா, நைட்டி புச்சா?" என்றாள். அம்பத்தூரில் நான் வேலை செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர் வரைக்கும் போய்விட்டது. பேக்கிங் டேபிளில் ஒரே சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூட கழற்றவில்லை.

"ஊரே சிரிக்குது. அழிடி!"

"யம்மா, ஆசையா சிரிக்கிறாங்கம்மா. எத்தினி பேரு ஹார்ட் போட்டுகிறாங்க பாரு... ஒரு தபா முழுசா பாரும்மா."

"உன் ஹார்ட்ட அடுப்புல போடு. போன்ல கீறதையும் அழி. என் கண்ணு முன்னாடி அழி."

அழித்தாள். "போதுமா?" என்றாள். அதற்கப்புறம் என் பக்கம் போனைத் திருப்பவே இல்லை.

போன ஐப்பசியில் ஜெனிக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் என் பிள்ளை இல்லை.

அவள் படத்துக்கு ஃபிரேம் போட ஆவடிக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் அவள் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "வேற போட்டோ இல்லியாம்மா? அல்லாம் ஃபில்டரு" என்றார். வேறு வழி இல்லை. சுவரில் மாட்டினேன். மாலைக்குள் வெள்ளையாக யாரோ ஒரு பொண்ணு சிரித்தது. தினமும் அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

குரலாவது கேட்கலாம் என்று அவள் ஃபிரெண்டு ரேவதியை உட்கார வைத்து, ஒவ்வொரு வீடியோவாகப் போடச் சொன்னேன். எல்லாம் பாட்டு... பாட்டு... பாட்டு. ரேவதி போன் மாற்றியதில் பழைய வாய்ஸ் மெசேஜும் போய்விட்டது. "ஜெனி வாய்வுட்டுப் பேசினது அந்தத் தண்ணி லாரி வீடியோல மட்டும்தான் ஆண்ட்டி" என்றாள்.

நான் அழிக்கச் சொன்னது.

ரேவதி தெருவில் விசாரித்திருப்பாள் போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து உட்கார்ந்திருந்தேன். சுமதி வாசலில் நின்றாள். அந்த நைட்டி பேச்சுக்கு அப்புறம் அவளோடு நான் பேசுவதில்லை.

"கோச்சிக்காதக்கா. அன்னிக்கு உன்ன கிண்டல் பண்ண, அந்த லாரி வீடியோவ தெரு வாட்ஸ்அப் குரூப்புல எறக்கிப் போட்டேன். அது இன்னும் கீதுக்கா."

போனை என் கையில் வைத்தாள்.

லாரித் தண்ணி டிரம்மில் விழும் சத்தம். என் பிள்ளையின் சத்தம். நான் திட்டுவது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்... வீடியோ முடியவில்லை. ஜெனி போனைத் தன் பக்கம் திருப்புகிறாள். கழுவாத முகம், நெற்றியில் பரு, என் நிறம்.

"இது எங்கம்மா. அழகா கீறாங்க இல்ல?"

அன்றைக்கு நான் இந்தக் கடைசி வரைக்கும் பார்க்கவே இல்லை.

சுமதி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான்தான் அவளுக்குத் தண்ணி கொடுத்தேன்.

கம்பெனியில் கேட்கிறார்கள், பொண்ணுக்கு போன் வாங்கித் தரலாமா அக்கா, கெட்டுப்போயிடுமா என்று. எனக்கு என்ன சொல்லத் தெரியும்... என் பிள்ளைக்குப் பெயர் கொடுத்ததும் அதுதான், அவள் முகத்தைப் பிடுங்கினதும் அதுதான். கிண்டலுக்குப் போட்டதில்தான் அவள் திரும்பி வந்தாள்.

சுவரில் இப்போது அந்தப் பரு முகம்தான் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் பருவை எடுத்துவிடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

லாரி இப்போதும் வருகிறது. அதே நைட்டி, அதே துண்டு. தெருப்பிள்ளைகள் யாராவது போனைத் தூக்கினால், குடத்தோடு ஒரு நிமிஷம் நிற்கிறேன்... எடுத்துக்கொள்ளட்டும்.