சுடாமல் விட்ட குழாய்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்குத் தெருவில் ‘கிருமியம்மா’ என்று பெயர். வைத்தது எதிர்வீட்டுத் தையற்காரம்மா. சும்மா வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவள் சொந்தத் தெருக் குழாயிலேயே சோதனைக்குத் தண்ணீர் மாதிரி பிடித்தாள். பிடிக்குமுன் குழாயின் வாயை நெருப்பில் சுட வேண்டும். அங்கே ஒட்டியிருப்பது மாதிரியில் கலந்துவிடக் கூடாது. அவசரத்தில் சுடவில்லை. கிருமி இருப்பதாக அறிக்கை போய், இரண்டு நாள் தெருவுக்கே தண்ணீர் நின்றது. மறுபடி சோதித்தால் தண்ணீர் சுத்தம். கிருமியெல்லாம் குழாய் வாயில்.

அந்த அவமானம் அவளை விடவில்லை. குழாய் வாயில் கிருமி எப்படிக் குடியேறுகிறது என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியே தீருவதென்று கிளம்பினாள். பல்கலைக்கழகத்தில் இருந்தது ஒரே இடம். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். ‘சிறுவயது முதலே அறிவியல் மீது எனக்குத் தணியாத தாகம்’ என்று ஆரம்பித்தாள். படித்துப் பார்த்த கணவனுக்குச் சிரித்ததில் டீ புரையேறிவிட்டது. எலக்ட்ரீஷியனான அவனுக்கு அலங்காரப் பேச்சு ஆகாது.

“தாகத்துல தவிச்சது இந்தத் தெருதான். அதை எழுது!”

“விளையாடறீங்களா? என் தப்பை நானே போட்டுக் குடுக்கறதா?”

“தப்பை மறைச்சுட்டா, இந்தக் கேள்வி உனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லுவே?”

முணுமுணுத்துக்கொண்டே அந்த வரியை அழித்தாள், நடந்ததை ஒன்று விடாமல் எழுதினாள். அனுப்பியும் விட்டாள்.

நேர்காணலில் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“நாப்பத்தியொரு விண்ணப்பம் படிச்சேன். எல்லாருக்கும் சின்ன வயசிலேர்ந்தே அறிவியல் பிடிக்குதாம். தப்பு பண்ணினது நீங்க ஒருத்தர்தான் போல.”

அவள் கோப்பை மூடி எழுந்திருக்கப் போனாள். பேராசிரியை சிரித்துவிட்டார். “எப்ப வந்து சேரறீங்க?”

ஆய்வின் முதல் மாதிரிக்கு அவள் போனது அதே தெருக் குழாய்க்குத்தான். பஞ்சுக் குச்சியோடு குனிந்தபோது, தையற்காரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றார்.

“ஏண்டி, மொதல்ல குழாயைச் சுட்டியா? இன்னொரு தரம் பக்கெட் தூக்க எனக்குத் தெம்பில்லை!”

“இந்தத் தரம் சுடக் கூடாதுக்கா,” என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல். “இப்ப எனக்கு வேண்டியதே அந்தக் கிருமிதான்.”