விரியாத லைஃப் ஜாக்கெட்

அக்கா இறந்துபோய் ஒரு மாதம் ஆகப்போகிறது. பாதுகாப்புத் துறையின் கொள்முதல் அலுவலகத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "மத்தவங்க படிக்காததைப் படிக்கிற வேலை" என்பாள். முகாம்களிலிருந்து குவியும் பழுதுக் குறிப்புகளை அவள் எழுதிய கணினி நிரல் அலசி, எந்தக் கோளாறு எவ்வளவு வருகிறது என்று சொல்லும். அதைப் பார்த்துத்தான் குழு எதை வாங்குவதென்று முடிவெடுக்கும். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'சல்லடை'.

ஒருமுறை, கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பி விரியும் லைஃப் ஜாக்கெட்டை, படகு வீரர்கள் ஏற்கெனவே அணியும் அதே ரகத்தில் மேலும் வாங்குவதாக இருந்தது. பெரிய குறை இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டாள். கொள்முதல் ஒப்பந்தக் கையெழுத்துக்கு முந்தைய நாள், மனம் கேட்காமல் மூலக் குறிப்புகளைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கயிற்றை இழுத்தும் விரியவில்லை." பக்கத்துக்குப் பக்கம் அதே வாக்கியம்.

ஒரே குறிப்பு இருமுறை பதிவாவது வழக்கம் என்பதால், ஒன்றுபோல் இருப்பவற்றை நீக்கச் சொல்லி நிரலைப் பழக்கியிருந்தாள். பழுது பார்ப்பவர்களோ பயிற்சிக் கையேட்டு வாக்கியத்தை எழுத்து மாறாமல் எழுதுகிறவர்கள். நூற்றுக்கணக்கான புகார்கள் ஒன்றாகச் சுருங்கிவிட்டன.

சமையலறையில் என் எதிரிலேயே மேலதிகாரிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"சார், என் அறிக்கை தப்பு. நாளைக்குக் கையெழுத்து வேண்டாம்."

"ஏம்மா, கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை சரியில்லைங்கிறியே!"

"முடிஞ்சப்புறம் சொல்றதுக்கு இது தேவலை சார்."

"உன் பதவி உயர்வும் அதே குழு கையிலதான் இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். தண்ணியில விழறவனுக்கு அதனால என்ன?"

போனை வைத்ததும், "பேசாம நிரல் மேல பழியைப் போட்டுடேன்க்கா" என்றேன்.

"அதுக்கு வாயா இருக்கு? நான் சொல்லிக்குடுத்ததைத்தானேடி செஞ்சது."

மறுநாள் குழுவின் முன் நின்று அதையே சொன்னாளாம். தலைவர் மேசையைத் தட்டினாலும், மாதிரிக்கு வந்திருந்த ஜாக்கெட்டுகளைத் தொட்டியில் இறக்கிப் பார்க்கச் சொன்னார். பாதிக்குமேல் விரியவில்லை. கொள்முதல் நின்றது. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நிரலையும் அவளிடமிருந்து எடுத்துவிடப் பார்த்தார்கள்.

"தப்பு விட்டவகிட்டயே இருக்கட்டும் சார். இன்னும் எங்கெங்க ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத்தான் தெரியும்" என்று அசையாமல் நின்றிருக்கிறாள். தலைவர் கடைசியில், "சரி, தொலை" என்றாராம்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் பாரேன்க்கா."

"இருடி. ஹெல்மெட்டுல எத்தனை புகாரை முழுங்கியிருக்கோ, பார்த்துட்டு வரேன்."