தையல்காரர் தண்ணீர் காயவைத்த கதை

சுடுதண்ணீரைக்கூடத் தீய வைக்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தெருத் தையல்காரர். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். தீய்ந்தது தண்ணீர் இல்லை, பாத்திரம். தண்ணீர் வற்றியதுகூடத் தெரியாமல் அடுப்பெதிரே நின்று அழுதுகொண்டிருந்தார் மனிதர்.

அதற்கு முன்னால் அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. விடிந்தால் கடை, இருட்டினால் வீடு. "உப்பு சரியா இருக்கா?" என்று மனைவி கேட்டால், "போட்டிருக்கியா?" என்று திருப்பிக் கேட்கிற ரகம். பக்கத்து வீட்டிலேயே குடியிருந்த மச்சினி, "எங்க அத்தானுக்கு மண்ணைப் பிசைஞ்சு வச்சாலும் இன்னொரு கை கேப்பாரு" என்பாள்.

அவருக்கு ஒரே மகன். சமையல் புகையைப் பற்றி வெளிநாட்டில் போய்ப் படிக்க உதவித்தொகையோடு இடம் கிடைத்தது அவனுக்கு. புகையில்லாத அடுப்பு வாங்க இல்லாதப்பட்ட வீடுகளுக்கு எங்கிருந்து பணம் திரட்டுவது என்பதுதான் படிப்பே. "வெளியே வராத புகைக்குப் பெரிய கம்பெனிக்காரன்லாம் காசு குடுப்பான்பா" என்று அவன் விளக்கினான். தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே, "தைக்காத சட்டைக்குக் கூலியா? எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைடா" என்றார்.

வினை விண்ணப்பத்தில் இருந்தது. அதில் எழுதியதை அம்மாவுக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினான். விறகடுப்புப் புகையில் இருமி இருமித் தேய்ந்துபோன தாய், அவளைப் பார்த்து வளர்ந்ததால் இந்தப் படிப்பின் மேல் வந்த ஆசை என்று உருக்கமாகத்தான் எழுதியிருந்தான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் இருமலை வித்தா ஏரோப்ளேன் ஏறப்போற?"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கிளம்புவதற்கு முன் அவன் தன் ஆராய்ச்சிக்காக வீட்டில் ஒரு கரண்ட் அடுப்பை வாங்கி வைத்தான். அது எப்போது எரிகிறது, எவ்வளவு நேரம் எரிகிறது என்று கடல் தாண்டி அவன் கம்ப்யூட்டருக்குச் சேதி போய்விடும். அவன் கிளம்பிய அன்றும் அவள் முகம் கொடுக்கவில்லை. போனை நீட்டினால் எழுந்து போய்விடுவாள். ஆனால் அடுப்பு தினமும் காலையில் எரிந்தது.

"அம்மா என்கிட்ட பேசறதே அது வழியாத்தான்பா" என்பான் மகன்.

"உன் அடுப்புலதான்டா சமைக்கிறா. வாய்தான் வரமாட்டேங்குது, கை உன் பக்கந்தான்" என்று தையல்காரரும் அடித்துச் சொல்வார். பின்கட்டில் புகை எழும்பினால், குளிக்கத் தண்ணீர் காய்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு மதியம், மூச்சு முட்டி, தங்கையின் மடியிலேயே அவள் போய்ச் சேர்ந்தாள். பரீட்சை நேரமென்று மகனுக்குச் சொல்லாமலே எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு, அவனிடம் எந்த வாயால் சொல்வது என்று தையல்காரர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவனே கூப்பிட்டான்.

"அப்பா, நேத்தும் அடுப்பு எரியல, இன்னைக்கும் எரியலையே. அம்மாவுக்கு மறுபடியும் கோவமா? கடைசிப் பரீட்சை நேரம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலப்பா."

"கரண்ட் இல்லடா" என்றது தையல்காரரின் வாய்.

மறுநாள் விடிந்ததும் சமையலறைக்குள் நுழைந்தார். அன்றைக்குத் தீய்ந்ததுதான் அந்தப் பாத்திரம். கருகல் நாற்றம் பிடித்து மச்சினி ஓடி வந்தாள்.

"என்ன அத்தான் சமையல்?"

"தண்ணி."

எப்போதும் ஒரு குத்தல் வைத்திருப்பவள் அன்று வேறு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்துவிட்டு, கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று முதல் அதுவே அவருக்குக் காலை வேலையாயிற்று. 'பரீட்சை முடியட்டும்' என்று சொந்தக்காரர்கள் வாயையும் கட்டி வைத்தார்.

பட்டத்தோடு வந்து இறங்கிய மகனிடம் வாசற்படியிலேயே சொல்லிவிட்டார். அவன் அழவில்லை. தோள் பையைக்கூட இறக்காமல் நேரே போய் அந்த அடுப்பின் மேல் கையை வைத்தான். அது சில்லென்று கிடந்தது.

"அவ போனப்புறம் நான்தான்டா பத்த வச்சேன். வெறும் தண்ணி. உன்னை ஏமாத்திட்டேன்."

அவன் கம்ப்யூட்டரைத் திறந்து வெகுநேரம் பார்த்தான்.

"எரியாத அந்த ரெண்டு நாளை விட்டா, எது அம்மா, எது நீங்கன்னே தெரியலப்பா. எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கு."

"அது எப்படிடா? அவ சமைச்சா, நான் தண்ணி வச்சேன். ரெண்டும் ஒண்ணாகுமா? கடைசி வரைக்கும் உன் அடுப்புலதான் சமைச்சா, சத்தியமா."

"சத்தியம் பண்ணாதீங்க அத்தான்" என்றாள் மச்சினி. "அக்கா ஒரு நாளும் இதுல சமைக்கல. எல்லாம் பின்னாடி விறகடுப்புலதான். அவ்வளவு வீம்பு. ஆனா விடிஞ்சதும் இதுல வெறும் தண்ணிய வச்சிட்டு, 'அவன் பாக்கணும்டி'ன்னு இருமிக்கிட்டே எதிர்ல உக்காந்திருப்பா. கொதிச்சதும் தொட்டியில ஊத்திடுவா."