சதுரங்கப்பட்டினத்துக்கு ஓர் 'அருமையான' சைக்கிள் பாதை

"குடும்பத்தோடு சைக்கிளில் போக அருமையான பாதை: மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை, சவுக்குத் தோப்பு ஓரமாக."

போன வாரம் நம் செங்கல்பட்டு படிப்பகத்துப் பலகையில் பெயர் போடாமல் இப்படி எழுதி ஒட்டியவர், அதன் பக்கத்திலேயே நான் ஒட்டியிருக்கும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இன்று காலை மாமல்லபுரத்தில் வாடகை சைக்கிள் எடுத்தேன். முன்னால் மகள், பின்னால் மனைவி.

பாதி வழியில் ஒரு மீனவர் குப்பம். பாதை முழுக்க வலை விரித்திருந்தது. ஒருவர் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த, நில்லு! வலை மேல செருப்பு, டயரு எதுவும் படக்கூடாது. வெறுங்கால்ல நட. சைக்கிளத் தூக்கிக்கோ."

"எதுவரைக்கும்?"

"வலை முடியிற வரிக்கும்."

வலை முடியவே இல்லை. என் செருப்பு மகள் கையில், சைக்கிள் என் தோளில். மணல் கொதித்தது. "பஸ்ல போலாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே" என்று மனைவி மூன்று முறை சொல்லிவிட்டாள்.

வலையின் மறுமுனையில் தைத்துக்கொண்டிருந்தவர் ஆறுதல் சொன்னார்:

"இன்னாத்துக்குப் பேஜாராவுற? பத்து நாளு முன்ன ஒருத்தரு இப்டிதான் பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து, சைக்கிளத் தூக்கிகினு போனாரு. வழியெல்லாம் திட்டிகினே போனாரு."

திட்டிக்கொண்டே போனவர், ஊர் திரும்பியதும் 'அருமையான பாதை' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்!

ஐயா, செயின் கிரீஸ் என் சட்டையில் வலது தோளில் இருக்கிறது. உங்களுக்கு எந்தத் தோள்? பதில் எழுத, கீழே பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.