முதலில் அவர் கல்

ரெங்கம்மா கோபக்காரி என்பது அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் வாயைத் திறந்தால் கணக்கப்பிள்ளை தராசை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். ஆனால் அந்தக் கோபத்தில் முக்கால்வாசியை மூன்று வருடமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவர் அவள் புருஷன் வீரசிங்கம்தான்.

"ஒரு கல்ல வைக்கத் துப்பில்லாத மனுசன்!"

காலையில் அடுப்பு மூட்டும்போது தொடங்குவாள். அவர் மடங்காத வலது காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் தேத்தண்ணீரைக் குடிப்பார். அந்தப் பேசாமை அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

கல் விஷயம் இதுதான். ஹல்துமுல்லைக்குக் கீழே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், நாவல் மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். காட்டுக்குள் இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை அவர் காலடியில் வைப்பார்கள். ஏறி வந்ததும் அவரவர் கல்லை அவரவர் எடுத்து வீசிவிட வேண்டும். கல் இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். பொழுது சாய்ந்தால் பெண்கள் போய்ப் பார்ப்பது அந்தக் கல்லைத்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வீரசிங்கம் தன் மச்சினன், ரெங்கம்மாவின் தம்பி சதீஸ்குமாரோடு பன்றி வேட்டைக்கு இறங்கினார். பன்றிக்கென்று எவனோ கட்டி வைத்திருந்த துவக்கின் கம்பியில் கால் பட்டு, அது வெடித்துக் குண்டு முழங்காலைச் சிதைத்துவிட்டது. அன்று பின்னேரம் ரெங்கம்மா போய்ப் பார்த்தாள். முனியாண்டி காலடியில் ஒரு கல்லும் இல்லை. ஏறி வந்துவிட்டார், எங்கேயோ நின்று கதையளக்கிறார் என்று நினைத்து, திரும்பி வந்து சோறாக்கினாள். இரவு வராததையும் யார் வீட்டிலோ தங்கிவிட்டார் என்றே எடுத்துக்கொண்டாள். அவள் சோறாக்கிய நேரத்தில் அந்த மனிதர் ரத்தத்தில் கிடந்தார். மறுநாள் விறகுக்குப் போனவர்கள்தான் கண்டு தூக்கி வந்தார்கள். "நேத்தே கொண்டு வந்திருந்தா முட்டியக் காப்பாத்தியிருக்கலாம்" என்று பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அந்தச் சொல் அவள் நெஞ்சில் அப்படியே தைத்துக்கொண்டது.

"கல்லு வைக்க மறந்துட்டேன் ரெங்கு" என்றார் வீரசிங்கம். மச்சான் முன்னாலேயே ஏறிவிட்டார் என்று நினைத்தேன் என்றான் தம்பி. பிறகு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான்.

இந்தத் தீபாவளிக்கு வந்தவன் தனியாக வரவில்லை. கூட வேலை செய்கிற அஜந்தன் என்ற கூட்டாளியையும், ஒரு தூண்டிலையும், இரவல் வாங்கிய துவக்கையும் கொண்டு வந்திருந்தான். வந்த அன்றே லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். சனிக்கிழமை இறங்குவது, ஆற்று மடுவில் மீன் பிடிப்பது, தண்ணிக்கு வரும் யானையைப் பார்ப்பது, ஒரு பன்றி மாட்டினால் சுட்டுக்கொண்டு வருவது.

"வழி காட்ட மச்சான் வரணும்" என்றான் சதீஸ்குமார். "மெதுவாவே போவோம்."

வீரசிங்கத்தின் முகத்தில் மூன்று வருடமாகக் காணாத ஒரு வெளிச்சம். அதைப் பார்க்கப் பார்க்க ரெங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கால் போனது போதாதா? அடுப்படியில் சட்டி முட்டி எல்லாம் அடிவாங்கின.

அஜந்தனுக்குத்தான் கொஞ்சம் பயம். "உள்ள போன் வேல செய்யாதே. யாராச்சும் மாட்டிக்கிட்டா?"

சதீஸ்குமார் கல் வழக்கத்தைப் பெருமையாக விளக்கினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கொழும்புக்காரன் முன்னால் தன்னைச் சூரன் என்று காட்ட வேண்டுமே!

"ஆனா சமயத்துல மூளையும் வேணும்டா. அன்னிக்கு வெடிச் சத்தம் கேட்டதும், வனஜீவி ஆளுங்கதான், புடிச்சிருவாங்கன்னு ஒரே ஓட்டமா ஏறி வந்தேன். கல்லு கெடந்தா எத்தன பேருன்னு தெரிஞ்சிரும்ல? ரெண்டு கல்லையும் எடுத்து வீசிட்டுல்ல போனேன்!"

"டேய், தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார் வீரசிங்கம் அவசரமாக.

அடுப்படியில் சத்தம் நின்றது. ரெங்கம்மா வாசலுக்கு வந்தாள்.

"ரெண்டு கல்லுன்னா? இன்னொன்னு யாருது?"

சதீஸ்குமார் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக் குனிந்தான்.

"யாருதுடா?"

"அக்கா... மச்சான் வேற பக்கமா வந்துருவாருன்னு நெனச்சேன்க்கா..."

"அடப் பாவி! ஒங் கல்ல மட்டும் எடுத்திருந்தா நான் அன்னிக்கே ஊரக் கூட்டியிருப்பேனேடா! ஆளு வந்துட்டாருன்னு சோறாக்கி வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேனேடா!"

அவன் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். அஜந்தன் எழுந்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் நழுவினான். பிறகு அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். இந்தக் கோபம் வேறு மாதிரியானது.

"ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும். வச்சவனுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் மறந்துட்டேன்னீங்க? மூணு வருசமா என் வாயில விழுந்துகிட்டுக் கெடந்தீங்களே!"

"ஒனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தானே" என்றார் வீரசிங்கம்.

அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. தம்பி மேல் ஆத்திரம், புருஷன் மேல் ஆத்திரம், ஒரு பாவமும் அறியாத மனிதரைக் காலையும் மாலையும் கிழித்துப் போட்ட தன் வாயின் மேல் எல்லாவற்றையும் விடப் பெரிய ஆத்திரம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"காட்டுக்குப் போகணுமா ஒங்களுக்கு?"

"ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன் ரெங்கு."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இனி வாயில்லை.

"துவக்கு என் வீட்ட விட்டு வெளிய போகாது. மீன் புடிங்க, யானையப் பாருங்க. அவ்வளவுதான்."

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. அவர்களோடு நாவல் மரம் வரை இறங்கினாள். மூன்று பேரும் கல் வைத்து உள்ளே போனார்கள். அவள் கற்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறியது, மேலே மலையில் கொழுந்துக்காரிகள் சாப்பாட்டுக்குப் போனார்கள், அவள் இடத்தை விட்டு அசையவில்லை.

பின்னேரம் முதலில் வந்தது சதீஸ்குமார். கையில் மீன் கோர்வை, முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் அஜந்தன்.

"மச்சான் மெதுவா வர்றாருக்கா. வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து தன் கல்லை எடுக்கப் போனான்.

ரெங்கம்மா மூன்று கற்களின் மேலும் கையை வைத்து மூடினாள்.

"மொதல்ல அவரு கல்லு. அவரு வந்து அவரு கையால எடுக்கட்டும். அப்புறம் ஒன்னுது."

"அக்கா..."

"ஒங் கல்லு இன்னும் இங்கதான்டா கெடக்கு. நீ இன்னும் ஏறி வரல."

 சதீஸ்குமார் மீன் கோர்வையை முனியாண்டி காலடியில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிக் காட்டுக்குள் இறங்கினான்.