பல் கிளினிக் மீன்தொட்டி

கருவடிக்குப்பத்தில் நான் பல்லுக்காகப் போன கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர் அவர். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் மீன் தீனி டப்பா. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இருந்த மீன்தொட்டியை அவர்தான் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பல்வலியைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகமானது. பளிங்கு போலத் தண்ணீர், வாலை விசிறியபடி தங்கமீன்கள். என் வீட்டுத் தொட்டியில் விலை உயர்ந்த ஃபில்டர் இருந்தும், தண்ணீரில் கழிவு சேர்ந்ததைக் காட்டும் நைட்ரேட்டைச் சோதிக்கும்போதெல்லாம் சோதனைக் குழாய் ரத்தமாய்ச் சிவக்கும். மாதம் ஒரு மீனாவது சாகும்.

அவர் தீனியைக் கிள்ளி எடுத்தால் பாதியை டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிடுவார்.

"நான் வீட்டுல மூணு வேளை போடுறேன். ஆனா நைட்ரேட் ஏறிக்கிட்டே இருக்கு," என்றேன்.

"அதான் சார். தின்னாதது அழுவி நைட்ரேட் ஏறுது. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு, அதுங்களுக்குப் பட்டினி."

அடுத்த முறை, அவர் உள்ளே போயிருந்த நேரம் பார்த்து, வீட்டிலிருந்து கொண்டுபோன தீனியை ஒரு கை நிறைய அந்தத் தொட்டியில் கொட்டினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

மறுவாரமும் தண்ணீர் அதே பளிங்கு.

"யாரோ பாவம் பாத்து அள்ளிப் போட்டுட்டாங்க சார். அடியில கெடந்தத உறிஞ்சி எடுத்துட்டு, தெனம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி மாத்தினேன்," என்றவர் டப்பாவை என்னிடம் நீட்டினார். "இன்னிக்கு நீங்க போடுங்க."

கிள்ளினேன். பாதியைத் திரும்ப டப்பாவில் போட்டேன். அவர் சிரித்தார்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? திட்டியிருந்தாலாவது என் பொறாமை அன்றோடு தீர்ந்திருக்கும்.